ஐந்து வார்த்தை அட்டை

ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற மனிதருக்குப் பெண் பிள்ளைகளின் கால்பந்து கிளப்பில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஐஸ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். மகள் ஆடிய காலத்தில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தவர், அவள் கல்யாணமாகிப் போன பிறகும் விடவில்லை. கணுக்கால் பிசகினால் ஐஸ், முட்டி வீங்கினால் ஐஸ், அழுதால் முதலில் ஒரு திட்டு, பிறகு ஐஸ். பிள்ளைகள் அவரை ஐஸ் மாமா என்றே கூப்பிட்டார்கள். ஆனால் யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத ஆள். கோச்சே அவரிடம் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்.

தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கிற இரண்டு நாள் வகுப்புக்கு கிளப் அவரை அனுப்பியது. திரும்பி வந்தவரின் நடையே மாறியிருந்தது, ஏதோ டாக்டருக்குப் படித்துவிட்டு வந்த மாதிரி. தலையில் அடிபட்டவள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். அவர் ஒரு அட்டையிலிருந்து ஐந்து வார்த்தை படிப்பார். ஐந்து நிமிஷம் கழித்து அவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்று தப்பினாலும் அன்றைக்கு ஆட்டம் கிடையாது.

வகுப்பில் ஆறு அட்டை கொடுத்திருந்தார்கள். ஐந்து அட்டைகள் சட்டைப் பையோடு துவைக்கப்பட்டுக் கூழாகிப் போயின. மிஞ்சிய ஒன்றுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு, இது போதாதா என்று இருந்துவிட்டார். ஆணி, குடை, பாலம், நிலா, சட்டை. மூன்று வருஷம் அதே ஐந்துதான். வேனில் போகும்போது பிள்ளைகள் அதற்கு மெட்டுக் கட்டிப் பாடி அவரைச் சீண்டுவார்கள். முன் சீட்டில் உட்கார்ந்து அவரும் சிரித்துக்கொண்டிருப்பார். அங்கேதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பாவி மனிதருக்கு அப்போது உறைக்கவில்லை.

அரையிறுதி ஆட்டத்தில் பட்டாணியின் தலையும் எதிரணிப் பெண்ணின் தலையும் மோதிக்கொண்டன. பட்டாணிக்குப் பதினாலு வயது, அணியிலேயே குள்ளம், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஐஸ் மாமா ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்து அட்டையைப் படித்தார். ஷூ கயிற்றை அவள் மூன்று தடவை கட்டிப் பார்த்து, முடியாமல் விட்டதை அவர் கண்ணால் பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆனதும் கேட்டார். ஆணி, குடை, பாலம், நிலா, சட்டை. ராகத்தோடு சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

கோச் கோட்டருகே நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட்டை சரியா இருக்கு. போகட்டும்" என்றார் ஐஸ் மாமா. அவளுடைய கயிற்றையும் அவரே குனிந்து கட்டிவிட்டார்.

அவள் திரும்ப உள்ளே போன ஏழாவது நிமிஷம் யாரோ தோளில் இடித்தார்கள். பெரிய இடிகூட இல்லை. விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் கிடந்தாள். கிளப் கூட்டத்தில், விதிப்படி எல்லாம் செய்திருக்கிறீர்கள், உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவரும்தான். சோறு இறங்கவில்லை, கடையில் கை ஓடவில்லை. அவள் வீடு திரும்பிய பிறகு ஒரு சனிக்கிழமை காலை, அவளுடைய அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிளம்பினார்.

"வாங்கண்ணா. நீங்க ஒருத்தராவது வந்தீங்களே" என்றாள் அம்மா.

பட்டாணி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தங்கை தன் சட்டையில் ஒரு காகிதத்தை ஊக்கால் குத்தியிருந்தாள். அதில் தன் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தாள். அக்கா தினமும் அவளை யாரென்று கேட்கிறாளாம்.

"நீங்க யாரு?" என்று பட்டாணி அவரையும் கேட்டாள்.

அவர் பையிலிருந்து அட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். பட்டாணியின் கண் அட்டையின் எழுத்தில்லாத பின்பக்கத்தில் நின்றது.

"ஆணி, குடை, பாலம், நிலா, சட்டை" என்றாள், அதே ராகத்தில்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "வந்ததுலேருந்து அவ இப்படிக் கோர்வையா ஒண்ணும் சொன்னதில்லண்ணா. ஞாபகம் திரும்புது பாருங்க."

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அந்தத் தாய்க்கு ஒரு நாள் சந்தோஷமாவது மிஞ்சியிருக்கும்.

"இல்லம்மா. அன்னைக்கும் இப்படித்தான் சொன்னா" என்றார். "இது ஞாபகம் இல்ல, பாட்டு. எல்லாப் பிள்ளைங்களுக்கும் மனப்பாடம். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் இவளை உள்ள அனுப்பினேன்."

அம்மா அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். தங்கைதான் அவர் கையைத் தொட்டாள்.

"மாமா, அந்தப் பாட்டுல என் பேரையும் சேர்த்து விடுறீங்களா?"

அவர் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பாடிக் காட்டினார். சட்டைக்கு அடுத்ததாக அந்தப் பெயர். பட்டாணி கூடவே பாடினாள். சட்டை வரைக்கும் வந்து நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடி பாடினார். மறுபடியும் சட்டையோடு நின்றாள்.

கிளம்பும்போது அம்மா கதவருகே வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கும் வாங்க" என்றாள். "அவளுக்கு அந்தப் பேரு வர்ற வரைக்கும் வரணும் நீங்க."