மூன்று தட்டு, பிறகு ஒன்று

இது நடந்தது. நம்புங்கள் என்று கெஞ்சப்போவதில்லை. கண்டதையும் நம்புகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

என் மனைவியின் அண்ணன் அந்த ரகம். நாற்பது வருடமாக ஒரு நோட்டு வைத்திருந்தார். பஸ் டிக்கெட் எண்ணும் கல்யாணத் தேதியும் ஒன்றாக வந்தால் எழுதுவார். நினைத்த ஆள் எதிரே வந்தால் எழுதுவார். வேலைவெட்டி இல்லாத மனுஷன்.

"எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கு மாப்ள."

"ஆயிரம் டிக்கெட் வாங்குனா ஒண்ணு பொருந்தத்தான் செய்யும் மச்சான். தற்செயல்."

கடைசி வரை இதே பேச்சு. எட்டு மாதம் முன்பு போய்ச் சேர்ந்தார். நோட்டை என் மனைவி பீரோவில் வைத்துப் பூட்டினாள். நான் தொட்டதுகூட இல்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். போன செவ்வாய், ஏழு மாடி அலுவலகம் ஒன்றில் வேலை. லிஃப்ட்டை இரண்டாம் மாடியில் நிறுத்தினேன். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். அது பையில் இருக்கும்வரை எவனும் கரண்ட் கொடுக்க முடியாது. பிறகு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கினேன்.

மதியம் 2:51.

டக்... டக்... டக்.

தலைக்கு மேலே. காலி லிஃப்ட்டுக்குள்.

கொஞ்சம் இடைவெளி...

டக்.

மச்சான் எங்கள் வீட்டுக் கதவை அப்படித்தான் தட்டுவார். மூன்று, பிறகு ஒன்று.

எவனோ விளையாடுகிறான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று வெளியே ஏறினேன்.

2:53.

பிரேக் நழுவியது. காலி லிஃப்ட் மேலே பாய்ந்தது. கயிற்றின் மறுமுனையில் அதைவிடக் கனமாகத் தொங்கும் இரும்புப் பாளங்கள் கீழே வந்தன... நான் உட்கார்ந்திருந்த இடத்தில்.

ஏழாம் மாடிக்கு ஓடிச் சாவியால் கதவைத் திறந்தேன்.

உள்ளே யாரும் இல்லை.

இரும்பு என்றால் சத்தம் வரத்தான் செய்யும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பயந்துவிட்டேன், உண்மை.

பிரேக் நழுவியதை மட்டும் அன்று மாலை வீட்டில் சொன்னேன். தட்டல் கேட்டதை எவரிடமும் சொல்லவில்லை.

"அண்ணன் இருந்திருந்தா இத எழுதியிருப்பார். நானே எழுதிடறேன்."

மனைவி பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டியவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க... இதப் பாருங்க."

மச்சானின் கோணல் கையெழுத்து. அன்றைய தேதி. 2:51.

'மாப்பிள்ளை குழியில். தட்டினேன். வெளியே வந்துவிட்டான். தற்செயல் என்பான்.

அடுத்த முறை தட்டமாட்டேன்.'