மைக் சாரின் விக்கல்

மைக்கை இரண்டு தட்டு தட்டி, "கேக்குதா?" என்பார் கல்லூரி முதல்வர். தன் அறையில் உட்கார்ந்துகொண்டு எல்லா வகுப்பறைகளையும் நோக்கிக் கேட்கிற கேள்வி அது. பதில் சொன்னாலும் அவர் காதுக்கு வராது. இருந்தாலும் மரியாதைக்குக் கொஞ்சம் காத்திருப்பார். கல்லூரி முழுக்கப் பிள்ளைகள் தலையில் அடித்துக்கொள்ளும் அந்த இடைவெளியில்தான் முதல் மணி அடிக்கும்.

முதல்வருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மைக் சார். படிப்பைப் பற்றிய எந்தச் சங்கதியையும் மாணவர்களிடம் ஒளிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. "நமக்குள்ள மறைக்க என்ன இருக்கு?" என்று ஆரம்பித்தால், அன்றைக்கு ஏதோ ஒரு துறையின் மானம் போகப்போகிறது என்று அர்த்தம். "வேதியியல் லேப்ல தண்ணி வரல. நாளைக்கு வரும்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன். பொருளாதாரத்துக்குப் புது வாத்தியார் வர்றார். இன்டர்வியூல பாதிக் கேள்விக்கு முழிச்சார். ஆனா ஆளு தங்கம்." அந்தத் தங்கம் அப்போது வகுப்பறை வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

சேர்க்கை நாட்களில் இன்னும் மோசம். மகளைச் சேர்க்க வந்த ஒருவரிடம், "இதப் படிச்சா வேலை கிடைக்கிறது கஷ்டம். என் பையன் இதத்தான் படிச்சான், வீட்லதான் இருக்கான்" என்று சொல்லி, பையனுக்கே போன் போட்டுக் கொடுத்தார். வீட்டிலும் அப்படித்தான். விருந்தாளி கை நனைக்கும் முன்பே, "இன்னைக்கு உப்பு தூக்கல், அப்புறம் நான் சொல்லலன்னு வேணாம்" என்பார். "வீட்லயாவது அந்த மைக்க ஆஃப் பண்ணுங்க" என்பார் மனைவி.

அப்படிப்பட்டவரிடம் போய் ஒரு ரகசியத்தைக் கொடுத்தார் தாளாளர். தாளாளர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன்தான். கல்லையும் மண்ணையும் ஆராயும் நிலவியல் துறையை அடுத்த வருடம் மூடப்போகிறார்கள். துறையில் இருப்பது ஒரே ஒரு மாணவி. அவளுக்கு ஒரே ஒரு பேராசிரியர். தினமும் அவள் பெயரைக் கூப்பிட்டு, அவள் "உள்ளேன் ஐயா" என்றதும், "வேற யாரையாவது விட்டுட்டேனா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் பாடத்தைத் தொடங்குவார்.

"அடுத்த வாரம் ஆய்வுக்குழு வருது மாப்ள. எல்லாத் துறையும் ஓடுதுன்னு காட்டுனாத்தான் அங்கீகாரம். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு பெஞ்சுல இருக்கணும். நீங்க வாயத் திறந்தா அவ போயிடுவா. அப்புறம் குழுவுக்கு நான் வெறும் கல்லையா காட்டுறது? வாயக் கட்டுங்க. இல்லன்னா உங்க நாற்காலிக்கு வேற ஆளப் பாத்துக்குறேன்."

வேறு கல்லூரிக்கு மாற விண்ணப்பிக்க இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். குழு வந்து போனபின் சொன்னால் அவளுக்கு ஒரு வருடம் வீண். முதல்வர் விஷயத்தை மென்று விழுங்கினார். மறுநாளே விக்கல் பிடித்தது.

மற்ற துறைகளைப் பற்றிப் பேசும்போது குரல் கணீரென்றுதான் இருக்கும். "நிலவியல் துறை... ஹிக்... வழக்கம்போல... ஹிக்." ஒலிபெருக்கி அதை நூலகம் முதல் கழிப்பறை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. "யாரோ சார நினைக்கிறாங்கடா" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். தண்ணீர் குடித்துப் பார்த்தார், மூச்சை அடக்கிப் பார்த்தார். அதிர்ச்சி கொடுத்தால் நிற்கும் என்று மனைவி திடீரென்று, "எங்க அண்ணன் வந்திருக்கார்" என்றார். விக்கல் கூடிவிட்டது.

வியாழக்கிழமை காலை அந்த மாணவியே அறைக்கு வந்து நின்றாள்.

"சார், எங்க துறை அடுத்த வருஷம் இருக்குமா? நாளைக்குக் கடைசி நாள். வீட்ல அம்மா தினம் கேக்குறாங்க."

இத்தனை நாளும் நினைத்தது யார் என்று அவருக்குப் புரிந்தது. ஆனாலும் காதோடு காதாகச் சொல்ல அவருக்கு வராது; அவரைப் பொறுத்தவரை அதற்குப் பெயர் வதந்தி. "துறை மாணவர்கள்... ஹிக்... எல்லாரையும் மத்தியானம் ஹாலுக்கு வரச் சொல்லு" என்றார்.

"எல்லாரும் இங்கதான் சார் நிக்கிறோம்" என்றாள் அவள்.

மத்தியானம் பெரிய ஹாலில் நாற்காலிகள் அத்தனையும் துடைத்துப் போடப்பட்டிருந்தன. மேடையில் முதல்வர், நன்றியுரை சொல்ல நிலவியல் பேராசிரியர். மாணவி பழக்கதோஷத்தில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். விஷயம் தெரிந்து மூச்சிரைக்க ஓடிவந்த தாளாளர் முன்வரிசையில் உட்கார்ந்து முறைத்தார்.

முதல்வர் மைக்கை இரண்டு தட்டு தட்டினார். "கேக்குதா?"

பின்னால் ஒரு கை உயர்ந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவர் கண்ணால் பார்த்த முதல் பதில். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நமக்குள்ள மறைக்க என்ன இருக்கு? நிலவியல் துறை..."

தாளாளர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த மைக் வயரைப் பிடுங்கினார். பின்னாலிருந்து பார்த்தால் முதல்வரின் உதடுகள் மட்டும் அசைந்தன. குரல் இரண்டாம் வரிசையைத் தாண்டவில்லை.

"மாப்ள, நாற்காலி" என்றார் தாளாளர், மெதுவாக.

முதல்வர் மேடையிலிருந்த தன் நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு படியிறங்கி, காலி வரிசைகளையெல்லாம் கடந்து, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். வெறும் கையை மடக்கி, மைக்கைப் போல வாய்க்கு நேரே பிடித்து, அதையும் இரண்டு தட்டு தட்டினார்.

"அடுத்த வருஷம் உங்க துறை கிடையாதும்மா. நாளைக்குள்ள வேற காலேஜுக்கு எழுதிப் போட்டுடு. சேத்துக்கச் சொல்லி நானும் பேசுறேன்."

ஒரு விக்கல்கூட வரவில்லை. பிறகு, கூட்டத்தை முறைப்படி முடிப்பவர் போல, "வேற ஏதாவது கேள்வி இருக்கா?" என்று அந்த மடக்கிய கையை அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.