நான் மாற்றி எழுதிய பெயர்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மத்திய அந்தமானின் ரங்கத் கடைவீதியில், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஒரு தேநீர்க் கடையில் இது நடந்தது. அப்போது எனக்கு வயது அறுபத்தொன்பது. மரக்கிடங்கு ஒன்றில் காவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குச் சென்றதில்லை. கப்பலில் வந்து சேரும் பழைய செய்தித்தாள்களைக் காவல் கூண்டில் அமர்ந்து வாசித்தே எழுத்தைப் பழகிக்கொண்டேன். அந்தப் பழக்கம் கடைவீதியில் எனக்கு ஒரு மரியாதையைப் பெற்றுத் தந்தது. மனு எழுதவும், அலுவலகக் கடிதங்களை வாசித்துப் பொருள் சொல்லவும் தமிழர்கள் என்னைத் தேடி வருவார்கள். அந்த மரியாதையே என்னைத் தவறச் செய்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கடையில் நாங்கள் நால்வர் கூடுவோம். கடைக்காரர் இராமநாதபுரம் பக்கத்தவர். இன்னொருவர் காய்கறி வியாபாரம் செய்யும் வங்காளி. இந்தத் தீவிலேயே பிறந்து, இந்தியும் தமிழும் கலந்து பேசுபவர். நான் மூன்றாமவன். நான்காமவரைப் பற்றியதுதான் இந்த அனுபவம். அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் தாயகம் திரும்பி, நிக்கோபார் தீவு ஒன்றின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர். சுனாமியில் மனைவியை இழந்தார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அதன்பின் ரங்கத்துக்கு வந்து, ஊருக்கு வெளியே ஒரு பாக்குத் தோப்பில் தனியாகக் காவலிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். என்னை அண்ணே என்று அழைப்பார்.

எங்கள் ஊரில் திரையரங்கு இல்லை. கடலடிக் கம்பி வந்து இணையம் ஓரளவு சீரான பிறகு, கடைக்காரர் தம் கைபேசியைத் தொலைக்காட்சியுடன் இணைத்து ஞாயிறு பிற்பகல்களில் படம் போடுவார். ஆண்டுதோறும் தேசிய அளவிலான திரைப்பட விருதுகள் அறிவிக்கப்படும் காலத்தையொட்டி எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சிறந்த படம், நடிகர், நடிகை, துணை நடிகை என நால்வரும் ஆளுக்கொரு சீட்டில் எழுதி, காலியான பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு, அதன் வாயைப் பிளாஸ்திரியால் ஒட்டி, கடையின் முருகன் படத்துக்கு அருகில் வைத்துவிடுவோம். முடிவு வரும் நாளில் டப்பாவைத் திறப்போம். எவர் கணிப்பு அதிகம் பலித்ததோ அவர் அடுத்த ஆண்டு வரை 'ஜூரி சாப்', அதாவது நடுவர் ஐயா, என்று அழைக்கப்படுவார். எத்தனை பேர் காத்திருந்தாலும் முதல் தேநீர் அவருக்குத்தான். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நானே ஜூரி சாப். இதில் என் திறமை ஏதுமில்லை. செய்தித்தாள்கள் எவரைப் புகழ்கின்றனவோ அவர் பெயரை எழுதி வைப்பேன், அவ்வளவுதான்.

பாக்குத் தோப்பு நண்பருடைய சீட்டையும் அவர் சொல்லச் சொல்ல நானே எழுதுவேன். படம், நடிகர், நடிகை ஆகிய மூன்றையும் அவர் காலியாக விட்டுவிடுவார். துணை நடிகைக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே பெண்மணியைச் சொல்வார். அந்த அம்மையார் எந்தப் படத்திலும் இரண்டு நிமிடங்களுக்கு மேல் வந்ததில்லை. கிணற்றடியில் நிற்பார், சாவு வீட்டின் கூட்டத்தில் அமர்ந்திருப்பார், கதாநாயகனுக்கு வழி சொல்லிவிட்டுப் போவார். அவர் திரையில் தோன்றியதும் எங்கள் நண்பர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். அந்த அம்மையாரின் பெயர் எங்களில் எவருக்கும் தெரியாது. ஆகவே 'கிணற்றடியில் வரும் அம்மா' என்று அவர் சொன்னபடியே எழுதுவேன். டப்பாவைத் திறந்து அதை வாசிக்கும்போது கடையே சிரிக்கும்.

"தாதாவோட ஹீரோயினுக்கு டயலாக்கே கிடையாது. அவார்டு மட்டும் கஹான்சே, எங்கேருந்து வரும்?" என்பார் வங்காளி; அண்ணனை அவர் 'தாதா' என்பார். நண்பரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த ஆண்டு வெளிவந்த ஒரு படத்தில் அந்த அம்மையாருக்கு முதல்முறையாக ஒரு முழுக் காட்சி அமைந்தது. குடத்துடன் மேடேறி வருவார். வழியில் எவரோ ஒரு துக்கச் செய்தியைச் சொல்வார்கள். குடத்தை இறக்கி வைத்துச் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடப்பார். நண்பர் அந்தப் படத்தைக் கடைக்காரரிடம் கெஞ்சி மூன்று முறை போடச் சொன்னார். சீட்டு எழுதும் நாளன்று என்னைத் தனியே அழைத்தார்.

"அண்ணே, இந்தத் தடவ அவுங்களுக்குக் கட்டாயம் கெடைக்கும். பேரக் கண்டுபுடிச்சு ஒழுங்கா எழுதிருங்க. பேரில்லாம இருந்தா எப்புடிண்ணே குடுப்பாங்க?"

எங்கள் பிஸ்கட் டப்பாவை டில்லியிலிருந்து எவரோ வந்து திறப்பதுபோல அவர் பேசியது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கண்டுபிடித்து எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்தி வாசித்திருந்தால் போதும். நான் அதைச் செய்யவில்லை. அதற்குப் பதிலாக, செய்தித்தாள்கள் பாராட்டிக்கொண்டிருந்த புகழ்பெற்ற நடிகை ஒருவரின் பெயரை அவர் சீட்டில் எழுதினேன். ஒரு முறையாவது அவர் கேலிக்கு ஆளாகாமல் இருக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அந்தக் கிணற்றடி அம்மாவை என் கையெழுத்தில் எழுதி, அதை நாலு பேர் முன்னிலையில் வாசிப்பது எனக்கே கௌரவக் குறைவாகப் பட்டது. அந்த உதவியிலும் என் சிறுமை இருந்தது: வெற்றி பெறுவார் என்று நான் முழுமையாக நம்பிய நடிகையை என் சீட்டில் வைத்துக்கொண்டு, என் கணிப்பில் இரண்டாம் இடத்தில் இருந்தவரைத்தான் அவருக்கு ஒதுக்கினேன்.

அவர் சீட்டை வாங்கி, அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து, "இதானா அவுங்க பேரு?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன்.

முடிவு வந்த நாளில் மழை. காலையிலிருந்தே இணையம் இல்லை. பிற்பகலில் கடைக்காரரின் மைத்துனர் போர்ட் பிளேரிலிருந்து தொலைபேசியில் பெயர்களைச் சொன்னார். டப்பாவைத் திறந்தோம். எங்கள் மூவருடைய சீட்டுகளிலும் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. நண்பருடைய சீட்டில் இருந்த அந்த ஒற்றைப் பெயர் பலித்துவிட்டது.

"அரே வா! தாதாவுக்கு திமாக் வந்திருச்சு, மூளை வந்திருச்சு" என்று வங்காளி அவர் முதுகில் தட்டினார். கடைக்காரர் முதல் தேநீரை அவரிடம் நீட்டி, "குடிங்க, ஜூரி சாப்" என்றார். நண்பர் குவளையை வாங்கவில்லை. "நெசமாவா? அவுங்களுக்கேவா?" என்று கேட்டார். அவர் எவரைப் பற்றிக் கேட்கிறார் என்பது அறியாமல், "அவங்களுக்கேதான்யா" என்று கடைக்காரர் சொன்னார். அறிந்திருந்தவன் நான் ஒருவனே.

அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, பேப்பர்ல படம் போடுவாங்கள்ல? பெரிசாப் போடுவாங்களா?"

போடுவார்கள் என்றேன்.

தமிழ்ச் செய்தித்தாள் விமானத்தில் போர்ட் பிளேருக்கு வந்து, பின்பு பேருந்தில் கழிமுகங்களைக் கடந்து எங்கள் ஊரை அடைய இரண்டு மூன்று நாட்களாகும். இரண்டு நாட்கள் நான் கடைவீதிப் பக்கமே செல்லவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் இருக்க முடியாமல் போனேன். அவர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்து, தேய்த்த சட்டை அணிந்திருந்தார். கையிலிருந்த துணிப்பைக்குள் கண்ணாடி போட்ட புதிய மரச்சட்டம் ஒன்று இருந்தது. கடையில் சுற்றிக் கொடுத்த காகிதத்தைக்கூட அவர் இன்னும் பிரிக்கவில்லை.

பேருந்து வந்தது. கட்டு பிரிக்கப்பட்டதும் முதல் பிரதியை வாங்கி அங்கேயே விரித்தார். விருது பெற்ற நடிகையின் படம் பெரிதாகவே வந்திருந்தது. அவர் அதைக் கடந்து அடுத்த பக்கத்துக்குப் போனார். பிறகு அதற்கடுத்த பக்கம். கடைசிப் பக்கம் வரை சென்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவுங்க படம் எந்தப் பக்கத்துலண்ணே இருக்கு?"

நின்ற இடத்திலேயே உண்மையைச் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு தடுமாறிப் பேசியதில்லை. அவர் கோபிக்கவில்லை. செய்தித்தாளைப் பழைய மடிப்பின்படியே மடித்து என்னிடம் கொடுத்தார். பயணிகள் பெஞ்சில் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். பிறகு சொல்லத் தொடங்கினார். அலை வந்த காலையில் அவர் தோட்டத்தின் மேட்டுப் பகுதியில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தாராம். கீழே வீடு இருந்த இடம் வெறும் மணலாகிவிட்டது. மனைவியின் உடல் கிடைக்கவில்லை. கல்யாணப் படம், ரேஷன் அட்டை, எதுவும் மிஞ்சவில்லை.

"அவ மொகம் மறந்துக்கிட்டே வருதுண்ணே. இவுங்க கொடத்த இடுப்புல வச்சுத் தலையச் சாய்க்கிறப்ப மட்டும் அப்புடியே திரும்பி வரும்."

இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. எங்கள் சிரிப்புக்கு நடுவே அவர் எப்படிச் சொல்லியிருப்பார்? அவர் பையை எடுத்துக்கொண்டு தோப்பை நோக்கி நடந்தார்.

அன்று மாலையே கடைக்காரரிடம் அந்தப் படத்தைப் போடச் சொல்லி, பெயர்ப் பட்டியலை நிறுத்தி வாசித்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மறுவாரம் போர்ட் பிளேருக்குச் சென்று, குடத்துடன் தலை சாய்த்து நிற்கும் அந்தக் காட்சியை ஒரு ஸ்டூடியோவில் படமாக அச்சிட்டு வாங்கி, தோப்புக்கு எடுத்துச் சென்றேன். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கி, அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார்.

"இது அடுத்தவங்க வீட்டுப் பொம்பளண்ணே. இத நான் ஒளிச்சு மாட்டி வச்சா எம் பொண்டாட்டி என்னையப் பத்தி என்னா நெனப்பா? பரிசு வாங்குனவங்க படம்னா ஊரே மாட்டும். அப்ப நானும் மாட்டிக்கிறேன். நீங்க பேர மட்டும் சரியா எழுதிருங்க."

அந்தப் பெயரை அவருக்குச் சொன்னேன். இரண்டு முறை தாமே மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு ஆண்டுகளும் அந்தப் பெயரை அவர் சீட்டில் பிழையின்றி எழுதினேன். நடந்ததை மற்ற இருவருக்கும் சொல்லியிருந்தேன்; கடையில் எவரும் சிரிக்கவில்லை. வங்காளிதான் முதலில் கைகூப்பினார். விருது கிடைக்கவில்லை. சென்ற மழைக்காலத்தில் நண்பர் காய்ச்சலில் படுத்து, ஒரு வாரத்தில் காலமானார். தோப்புக்காரர் அவருடைய துணிப்பையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். மரச்சட்டம், சுற்றிய காகிதம் பிரிக்கப்படாமல் அப்படியே உள்ளே இருந்தது.

நான் அச்சிட்ட படமும் அந்தச் சட்டமும் இப்போது என் அலமாரியில் தனித்தனியே இருக்கின்றன. இரண்டையும் ஒன்று சேர்க்க எனக்கு அனுமதியில்லை. இந்த ஆண்டு டப்பாவில் நான் இரண்டு சீட்டுகள் போட்டேன். ஒன்றில் அந்த ஒரு பெயர் மட்டுமே இருக்கிறது. இன்றும் எவராவது மனு எழுதித் தரும்படி என் முன்னால் வந்து அமர்ந்தால், அவர் சொல்வதில் ஒரு சொல்லைத் திருத்தவும் என் பேனா தயங்குகிறது; எழுதத் தெரியாத ஒருவர் தம் விருப்பத்தை என் கையில் ஒப்படைக்கும்போது, அது எவ்வளவு எளியதாகத் தோன்றினாலும், அதன் பின்னால் நான் அறியாத ஒரு வாழ்க்கை காத்து நிற்கிறது என்பதை அந்தக் காலிச் சட்டம் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.