போட்டு வாறன்

கிளென் ஈடன் என்ற புறநகரைத் தாண்டி, மலைப்பாதை தொடங்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். இந்த நாட்டுக்கே உரிய கவுரி மரங்களுக்கு நோய் பரவாமலிருக்க, அங்கே எல்லோரும் ஷூவைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் காட்டுக்குள் போக வேண்டும். வெள்ளைத் தாடிக்காரர். சேறு போன பிறகும், வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தபடி தேய்த்துக்கொண்டே நின்றார்.

"தம்பி, தமிழோ?"

"ஆமாங்க."

"மலைக்குப் போனா ஆரிட்டயாவது சொல்லிப்போட்டுப் போகவேணும். வீட்டில ஒருத்தரும் இல்லை. உங்களிட்டச் சொல்லட்டோ?"

என் நம்பரைக் கொடுத்தேன். "போட்டு வாறன்" என்று விடைபெற்று ஏறினார்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. அறைக்குத் திரும்பியும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டும் நேரத்தில், "வந்திட்டன்" என்று செய்தி வந்தது.

பெயரை இன்னும் கேட்கவில்லை. போன சனிக்கிழமை தனியே மலைக்குக் கிளம்பினேன். சொல்லிவிட்டுப் போக எனக்கும் அவர்தான் இருந்தார்.