முட்டை வாங்கிய இசைத்தட்டு

தெருவில் அவருக்கு ஜட்ஜ் என்று பெயர். கோர்ட்டுப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசை நிறைய மெழுகு, அரம், அடுத்தவர் வாயிலிருந்து எடுத்த தாடை அச்சுகள். எதிர்ச் சுவர் முழுக்க இசைத்தட்டுகள். கை பல்லைச் செதுக்கிக்கொண்டிருக்கும், காது தட்டோடு சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு ஆல்பம் முடிந்ததும் உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் மார்க் போடுவார். போட்டால் போட்டதுதான், அப்பீல் கிடையாது.

ஒரு ஜாஸ் ஆல்பத்தில் டிரம்பெட்காரர் ஊதுவதற்கு முன் மூச்சை இழுப்பது கேட்கும். அந்த மூச்சுக்காகவே ஒன்பது கொடுத்தார். இன்னொன்று ராக். அதில் முதல் பாட்டு மலை, மற்ற ஏழும் அந்த மலையிலிருந்து உருண்டு விழுந்த கூழாங்கற்கள். ஆறு போட்டதே கருணை. ஒரு பியானோத் தட்டுக்கு மட்டும் பத்து. இரண்டாம் பக்கத்தில் வாசிப்பவர் சட்டென்று கையை எடுத்துவிட்டு ஒரு மௌனம் விடுவார். அந்த மௌனத்தில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம் என்பார் ஜட்ஜ்.

இந்தத் தீர்ப்புகளை முதலில் கேட்பவள் அவர் மனைவி. துணி மடித்தபடியே "நல்லாத்தான் இருக்கு" என்பாள். எந்தத் தட்டுக்கும் அதே பதில்தான். உன் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பாஸ் என்று அவர் கேலி செய்வார், அவளும் சிரிப்பாள். உனக்கு எது பிடிக்கும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

கல்யாணமான புதிதில் அவளுடைய தம்பி ஒரு ஆட்டப்பாட்டு ஆல்பம் வாங்கிவந்தான். உறையில் வெள்ளிக் கோட்டு போட்ட ஒரு பெண். உள்ளே நாலே வரி மெட்டு, அதையே திருப்பித் திருப்பிப் பாடுவதற்குத் தகர டப்பாத் தாளம். ஜட்ஜ் முதல் பாட்டு முடிந்ததுமே ஊசியைத் தூக்கினார். உறையில் பெரிதாக ஒரு முட்டை போட்டுக் கையில் கொடுத்தார். மைத்துனன் முகம் சுண்டிவிட்டது.

"உங்க காது படிச்ச காது மாமா. எங்க காது படிக்காதது. அது பாட்டுக்குச் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்."

அவள் அந்தத் தட்டை வாங்கி, தூசி தட்டி, அலமாரியின் அடித்தட்டில் செருகிவைத்தாள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் காலை அவள் உள்ளிருந்து "என்னங்க" என்று கூப்பிட்டாள். அவர் ஒரு மேல்தாடைக்குக் கடைவாய்ப் பல் பொருத்திக்கொண்டிருந்தார். பியானோத் தட்டு அந்த மௌனத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. "ஒரு நிமிஷம்" என்றார். மௌனம் வந்தது, முடிந்தது. அவர் எழுந்து போனபோது ஈரத் துணிகளின் மேல் அவள் சரிந்து கிடந்தாள். வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது, பதில் சொல்லும் வழிதான் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். கண் நிறையச் சேதி வைத்துக்கொண்டு அவள் அவரையே பார்ப்பாள். காலா, முதுகா, வெளிச்சமா, விசிறியா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். சில நாள் தலையசைப்பாள். பல நாள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கண்ணீர் விடுவாள். ஊருக்கெல்லாம் வாய் செய்து கொடுத்த மனிதர், சொந்த வீட்டு வாயின் முன்னால் கைபிசைந்து நின்றார்.

தெரிந்த ஒரே மருந்தை எடுத்தார். ஜாஸைப் போட்டார். அவள் விட்டத்தைப் பார்த்தாள். வயலின், சிதார், கிதார் என்று உயர்ந்த மார்க்கெல்லாம் வரிசையாக வந்துபோயின. பியானோத் தட்டின் முதல் ஸ்வரம் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அதை அவர் தொடவில்லை.

ஒரு சாயங்காலம் மைத்துனன் வேனை வாசலில் நிறுத்தினான். வேனுக்குள் அந்த வெள்ளிக் கோட்டுக்காரி முழுச் சத்தத்தில் கத்திக்கொண்டிருந்தாள். அதை அணைக்கச் சொல்ல ஜட்ஜ் வாசலுக்கு ஓடினார். பின்னாலிருந்து இன்னொரு குரல். பிசிறில்லாமல், வார்த்தை வார்த்தையாக, நாலு வரியையும் அவர் மனைவி பாடிக்கொண்டிருந்தாள்.

அவர் கட்டிலருகே மண்டியிட்டு விழுந்தார். "பேசிட்டியே! எங்க வலிக்குது, சொல்லும்மா." வேனில் பாட்டு முடிந்தது. அவள் வாய் திறந்தபடியே நின்றது. ஒரு எழுத்துகூட வரவில்லை. மைத்துனன் வாசற்படியிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அன்றுதான் அவன் சொன்னான், மாமா பல் செட் கொடுக்க வெளியே போகும்போதெல்லாம் அக்கா அந்தத் தட்டைத்தான் போடுவாள் என்று. முப்பது வருஷம். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் எடுத்துவைத்துவிடுவாளாம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் விஷயத்தை விளக்கினாள். பாட்டுக்கு மூளையில் வேறு வழி இருக்கிறது, அந்த மெட்டில் தேவையான வார்த்தையைப் போட்டுப் பாடிப் பழக்கவேண்டும். "சில பேருக்கு வரும் சார். எல்லாருக்கும் வரும்னு நான் சொல்லமாட்டேன்."

அடித்தட்டிலிருந்து முட்டை போட்ட உறை வெளியே வந்தது. ஓரமெல்லாம் கைபட்டுத் தேய்ந்திருந்தது. 'என்னங்க, தண்ணி வேணும்' என்ற வரியை ஜட்ஜ் அந்த மெட்டில் உட்காரவைத்தார். தண்ணி வேணும் போதும் என்றாள் அந்தப் பெண். என்னங்க இருக்கட்டும் என்று அவர் கெஞ்சினார். அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

தினமும் காலையில் மனைவியின் இடது கையைப் பிடித்து, தாளத்துக்குத் தட்டித் தட்டிப் பாடினார். ஆயுளில் பாடியறியாத குரல் அது. "தாளம் தப்புது மாமா," என்று மைத்துனன் திருத்தினான். "இப்ப உங்களுக்கு நான் மார்க் போடட்டுமா?" அவர் கோபப்படாமல் மறுபடி பாடினார்.

பத்தொன்பதாம் நாள் அவள் தானாகவே பாடினாள். "என்னங்க, தண்ணி வேணும்."

பாதித் தண்ணீரை வழியிலேயே சிந்திக்கொண்டு அவர் ஓடிவந்தார். டம்ளரை உதட்டருகே வைத்தார். அவள் இடது கையால் தள்ளிவிட்டாள். கண்ணில் அதே சேதி. மறுபடியும் பாடினாள். "என்னங்க, தண்ணி வேணும்." தலையணையை உயர்த்தினார், இல்லை. ஜன்னலைத் திறந்தார், இல்லை. காலைப் பிடித்துவிட்டார். இல்லை, இல்லை. வலித்தாலும் அந்த வரிதான், அழுகை வந்தாலும் அந்த வரிதான் என்று ஒரு வாரத்தில் தெரிந்துபோயிற்று. சில பேருக்கு ஒரே வரியில் சிக்கிக்கொள்ளும் சார் என்றாள் பயிற்சிக்காரப் பெண்.

நேற்று மத்தியானம் ஜட்ஜ் அந்த உறையைப் பட்டறை மேசையில் வைத்து, முட்டையை ரப்பரால் அழித்தார். பழைய பென்சில் கோடு போகவில்லை, கருப்பாக அப்பிக்கொண்டது. பக்கத்தில் புதிதாக என்ன மார்க் போடுவது? பத்தா? பென்சில் முனை அட்டையிலேயே நின்றது. முப்பது வருஷத்தில் முதல் முறையாக அவருக்குத் தீர்ப்பு வரவில்லை.

உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"என்னங்க, தண்ணி வேணும்."

ஒரு நிமிஷம் என்று அவர் சொல்லவில்லை. பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்தார். அவள் கேட்பது தண்ணீர் இல்லை என்று தெரியும். வேறு எதை எடுத்துக்கொண்டு போவதென்றுதான் தெரியவில்லை. டம்ளரை நிரப்பிக்கொண்டு ஓடினார்.