போக வர அளக்கச் சொன்ன தங்கராசு

போன் வந்தபோது நான் சேலத்தில் பிளைவுட் பார்த்துக்கொண்டிருந்தேன். "தங்கராசண்ணன் போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க" என்றார் மஞ்சக்குட்டையில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி என்னைத் திட்ட ஆளில்லை என்றுதான் தோன்றியது. அவரோடு பழகியவர்களுக்கு இது புரியும்.

பழைய வேன்களை, படுக்கையும் அடுப்பும் விளக்கும் வைத்துத் தங்கிப் போகிற வண்டிகளாக மாற்றும் பட்டறையை நாங்கள் இருவரும் நடத்தினோம். மரவேலை எனக்கு, ஒயரிங் அவருக்கு. கூரைமேல் சோலார் பேனல் வைத்தால் தடித்த ஒயர்தான் போடுவார். "ஊட்டு ஒயரு இதுக்கு ஆவாதுங்க. இது பன்னண்டு வோல்ட்டு. அதே வேலைக்குக் கரண்டு நொம்ப ஓடணும். சன்ன ஒயரு சூடாகி, கரண்ட வழியிலயே தின்னுபுடும்" என்பார். நீளம் பார்க்கும்போது, "போறத மட்டும் அளக்காதீங்க, வர்றதையும் சேத்து அளங்க" என்பார். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகிற கம்பி, திரும்புகிற கம்பி, இரண்டும் சேர்ந்ததுதான் கணக்கு.

சொன்னதெல்லாம் சரி, சொன்ன விதம்தான் விஷம். புதுமாப்பிள்ளை ஒருவர் வீட்டு ஒயரே போதாதா என்று கேட்டுவிட்டார். "போதுங்க, ஜட்டி காயப் போடலாம்" என்றார் இவர், புதுப்பெண்ணின் முன்னாலேயே. அவர்கள் வந்த வேனிலேயே திரும்பிப் போனார்கள். அந்த வண்டிக்கென்று அறுத்து வைத்த பலகைகளோடு நான் நின்றேன்.

மகளிடமாவது அந்த வாயைக் கட்டியிருக்கலாம். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கண்ணு, சாமி என்பவர், பெற்ற மகள் பவானியை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வண்டியிலேயே தங்கி ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்பது அவள் ஆசை. பழைய வேன் ஒன்றை வாங்கி, கேட்டால் திட்டுவார் என்று பயந்து ஒயரிங்கையும் தானே செய்துகொண்டாள். மலைமேல் சேர்வராயன் கோயிலில் வண்டிக்குப் பூசை. மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நிற்க, இவர் கூரைமேல் ஏறி ஒயரைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த நிமிடம் கட்டிங் பிளேயரால் நறுக்கென்று வெட்டி, அதை அவள் காலடியில் எறிந்தார்.

"சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனேப்பா" என்றாள் அவள்.

"சொன்னா மறந்துருவ. இது மறக்காது."

வீட்டு ஒயர்தான் போட்டிருந்தாள். நீளத்தையும் ஒரு வழிக்குத்தான் பார்த்திருந்தாள். தப்புதான். அதற்கு இதுவா? எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு அவள் வண்டி மலை இறங்கிப் போனது. பிறகு அவள் வீட்டுப் படி ஏறவில்லை. "எங்க போயிருவா, வருவா" என்று வீறாப்பாகச் சொல்வார். ஆனால் ரோட்டில் எந்த ஹாரன் கேட்டாலும் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

சாவன்று நல்ல மழை. கரண்டு போய், பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது. அப்போதுதான் பவானியின் வண்டி வந்தது. வண்டியிலிருந்து தடித்த ஒயரை இழுத்து வந்து அவர் தலைமாட்டில் ஒரு விளக்கை மாட்டினாள். துளி மங்கலில்லை. "என்ன இருந்தாலும் பெத்த பாசம் உடுமா கண்ணு" என்று அவளுடைய அத்தை அழுதார்.

"பாசமில்லீங்க அத்த. இந்த ஒயரு சரியான்னு அவரு பாக்கட்டும்" என்றாள் பவானி. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. தூக்குவதற்கு முன்னால் விளக்கைக் கழற்றி, ஒயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இப்போது பட்டறையில் ஒயரையும் நான்தான் அளக்கிறேன். போவதையும் வருவதையும் சேர்த்தே அளக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அடப்பாவி மனுஷா, ஊருக்கெல்லாம் அதைச் சொன்னீரே, பெற்ற பிள்ளை திரும்பி வருகிற வழியை அளக்காமலேயே வெட்டிவிட்டீரே.