நானும் கட்டுறேன்

ஈப்போவிலிருந்து வந்த நான், பிரிக்பீல்ட்ஸில் மழைக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கித் தேநீர் குடிக்கிறேன். ரேடியோவில் தமிழ் நாடகம் ஓடுகிறது. ரேடியோ லைசென்ஸ் சோதிக்கும் அதிகாரி தெருவில் வர, பக்கத்துக் கடைகளின் ரேடியோக்கள் சட்டென்று ஊமையாகின்றன. இந்தக் கடைக்கார அக்கா மட்டும் சத்தத்தைக் கூட்டுகிறார்.

"லைசென்ஸ் இருக்கா அக்கா?"

"அதோ, கண்ணாடியில ஒட்டியிருக்கு. நீங்க ஒண்ணு சொல்லுங்க லா. எங்ககிட்டயும் லைசென்ஸ் காசு வாங்குறீங்க, நாடகத்துக்கு நடுவுல சவுக்காரமும் விக்கிறீங்க. ரேடியோ எங்களோடதா, சவுக்காரக் கம்பெனியோடதா?"

அதிகாரி சிரிக்கிறார். "நீங்க ஒருத்தர்தான் இப்படிக் கேக்குறீங்க."

அதிகாரிகளிடம் நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. குவளையை மேசையில் வைக்கிறேன்.

"ஈப்போவுல நானும் கட்டுறேன் சார். நானும் கேக்குறேன்."